ஆளுக்கொரு விலை

2025 நவம்பர் 4, செவ்வாய்

மூன்றாவது தடவை.

காலையில் தோப்பும்படிக்குப் போய் டாக்டர் வைத்தீஸ்வரனைப் பார்த்தேன். பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். போன வாரம் விலை எழுதிக் கொடுத்திருந்தேன்: மாதம் பன்னிரண்டாயிரம், ஆறு மாதத்துக்கு. இந்தப் பக்கத்தில் யாராவது போனை எடுத்துப் 'பல் டாக்டர்' என்று தேடினால் அவர் பெயர் மேலே வரவேண்டும், மேப்பில் முதல் மூன்றுக்குள் நிற்கவேண்டும். எஸ்.இ.ஓ. என்றால் இங்கே பாதிப் பேருக்குப் புரியாது. 'தேடினால் மேலே வரவைக்கும் வேலை' என்றுதான் பதினோரு வருடமாகச் சொல்லி வருகிறேன்.

டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஸாதனா, நீ தப்பா எடுத்துக்கப்படாது. வேற ஒருத்தன் பதினொண்ணரைக்குப் பண்ணித் தரேங்கறான்."

நான் பன்னிரண்டு சொன்னால் அவன் பதினொன்றரை. போன மாதம் யூதர் தெருவில், ஜூ டவுனில், பழம்பொருள் கடைக்குப் பதினைந்து சொன்னேன், எவனோ பதினாலரை சொன்னான். அதற்கு முன்னால் பஜார் ரோட்டில் ஏலக்காய்க் கடைக்கு ஒன்பது சொன்னேன், எட்டரைக்கு ஆள் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் சரியாக ஐநூறு குறைவு. ஒரு தடவை என்றால் தற்செயல் எனலாம். மூன்று தடவை? என் விலை தெரியாமல் முடியாது.

என் விலை யாருக்குத் தெரியும்? எனக்கு. கேட்ட ஆளுக்கு. பிறகு, அதை அழகாகத் தட்டி பி.டி.எஃப். ஆக்கித் தரும் செல்விக்கு.

எழுதிவிட்டேன். எழுதியபின் அசிங்கமாக இருக்கிறது. ஆனால் வேறு யார்?

நவம்பர் 6

இன்று முழுக்க மழை. செர்ளாயில் எங்கள் தெருமுனையில் முழங்கால் தண்ணீர். செல்வி வைட்டிலாவிலிருந்து இரண்டு பஸ் மாறி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். நான்கு வருடமாக இந்த முன்னறைதான் எங்கள் ஆபீஸ். இரண்டு மேஜை, ஒரு இன்வெர்ட்டர்.

இசக்கிசெல்வி திருநெல்வேலிப் பக்கம். வயது முப்பத்தைந்து. கணவர் செல்லதுரை டைல்ஸ் பதிக்கும் வேலை. என்னிடம் வரும்போது ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். வேலையை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது சில விஷயங்களில் என்னைவிடக் கெட்டிக்காரி. தமிழ்நாட்டுக்காரர்கள் எதை எப்படித் தட்டித் தேடுவார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். 'கொச்சி படகுப் பயணம்' என்று யாரும் தேடமாட்டார்கள் அக்கா, 'கொச்சில போட்டிங் எவ்ளோ' என்றுதான் தேடுவார்கள் என்பாள். சரியாக இருக்கும்.

கெட்டிக்காரி என்பதுதானே பிரச்சினை. தனியாகப் போக நினைத்தால் முதலில் எதை எடுத்துப் போவாள்? என் கஸ்டமர்களை. அதற்கு எது வேண்டும்? என் விலை.

போன வருஷம் ஒருநாள் சொன்னாள்: "எல்லாருக்கும் சேத்து ஒரே ரேட்டு சீட்டு போட்டுருவமாக்கா? ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணுன்னா எனக்கே கொழம்புது." நான் சிரித்தேன். விலையை அச்சடித்து வைத்தால் யாரும் தரமாட்டார்கள். ஆளைப் பார்க்கவேண்டும். கடையில் ஏசி உண்டா, வாசலில் என்ன வண்டி, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், எல்லாம் பேச்சுவாக்கில் கேட்டுக்கொள்ளவேண்டும். அப்புறம்தான் வாய் திறக்கவேண்டும். ரோஸிலி சேச்சிக்கு ஃபோர்ட் கொச்சியில் நாலு ரூம் ஹோம்ஸ்டே. தரையெல்லாம் மார்பிள், மகன் அயர்லாந்தில். பதினெட்டாயிரம் சொன்னேன், மறுபேச்சில்லாமல் தருகிறார். பாண்டித்துரை அண்ணன் பஜாரில் சுமைக்காரர்களுக்குச் சோறு போடும் மெஸ் வைத்திருப்பவர். எட்டாயிரம். வேலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளவரிடம் கூட, இல்லாதவரிடம் குறைய. இதில் என்ன தப்பு?

நவம்பர் 7

இந்த நோட்டை இனி மேஜை மேல் வைக்கக்கூடாது. என் வீட்டுக்காரருக்குத் தமிழ் வாசிக்க வராது, மலையாளம்தான். செல்விக்கு வரும்.

நவம்பர் 10, திங்கள்

மதியம் சாப்பிட்டுவிட்டுச் செல்வி வாசல் பக்கம் போய்ப் போனில் பேசினாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்தவள் ஜன்னல் பக்கம் நின்றேன். சும்மா நின்றேன் என்று எனக்கே பொய் சொல்லிக்கொள்ள வேண்டாம். கேட்கத்தான் நின்றேன்.

"அந்த ரேட்டுக்கே முடிச்சிருங்க. கொறச்சாலும் பரவால்ல, வேல கைவிட்டுப் போயிரக்கூடாது."

இதைத்தான் சொன்னாள். வார்த்தைக்கு வார்த்தை.

உள்ளே வந்ததும் "யாரு?" என்று கேட்டேன். "வீட்லேந்துக்கா" என்றாள். வீட்டில் என்ன ரேட்?

இவர் ஏலூரிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சொன்னேன். உரத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனுஷர், அவசரப்படவே மாட்டார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சொன்னார்: "அவளா? எதுக்குடி அவ பண்ணப் போறா? ஐநூறு ரூபாய்க்குக் கொலக்கேஸ் மாதிரி விசாரிச்சிண்டிருக்கே."

இவருக்கு என்ன தெரியும்? மாதாமாதம் சம்பளம் வருகிறவருக்கு விலை சொல்லும் பயம் தெரியாது.

நவம்பர் 13

ஆள் பெயர் கிடைத்துவிட்டது. விக்கி. காக்கநாட்டில் ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கிற கடை, கூடவே வெப்சைட்டும் செய்கிறானாம். ஏலக்காய்க் கடையில் அவன் கார்டு கிடந்தது. 'முதல் பக்கம் கேரண்டி' என்று போட்டிருக்கிறான். எவனும் கேரண்டி தரமுடியாது. தருகிறேன் என்பவன் ஒன்று பொய்யன், இல்லை வேலை தெரியாதவன்.

விக்கி தமிழனாம். செல்விக்குத் தெரிந்தவனாக இருக்குமோ?

நவம்பர் 17, திங்கள்

இன்று ஒன்று செய்தேன்.

சாய்கிருஷ்ணா என்று புது ஆள். ஃபோர்ட் கொச்சியில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஸ்கூட்டரும் சைக்கிளும் வாடகைக்கு விடுகிறார். அவருக்கு விலை தயார் செய்யும்போது செல்வியிடம் பதினாலாயிரம் என்று சொன்னேன். அவள் அப்படியே தட்டி பி.டி.எஃப். தந்தாள். அதை அனுப்பவில்லை. என் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் நானே பதினொன்றரை என்று எழுதி அனுப்பினேன். விக்கி பதின்மூன்றரை சொன்னால் வழி செல்விதான். நூற்றுக்கு நூறு.

சாயந்திரம் கிளம்பும்போது கேட்டாள்: "ஸ்கூட்டர் கடைக்குப் பதினாலு ரொம்பக் கூடயில்லாக்கா? அவரு போன மாசந்தான் கடையே தொறந்தாரு."

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஏன் அதைக் கேட்டாள்?

நவம்பர் 20

சாய்கிருஷ்ணா கூப்பிட்டார். "மேடம், விக்கின்னு ஒருத்தர் பதினொண்ணுக்கு ஓகேங்கறார், நீங்க கொறப்பீங்களா?"

பதினொன்று. நான் உண்மையாகச் சொன்ன பதினொன்றரையிலிருந்து ஐநூறு குறைவு. செல்விக்குத் தெரிந்தது பதினாலு மட்டும்.

அப்படியானால் அவள் இல்லை. இங்கே நிறுத்தியிருக்கவேண்டும்.

ஆனால் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். என் போன் மேஜையில்தான் கிடக்கிறது. லாக் நம்பர் அவளுக்குத் தெரியும், ஓ.டி.பி. பார்க்க நானே சொல்லிக்கொடுத்தது. பதினாலு கூட என்று சொன்னாளே, அது சந்தேகம் வராமலிருக்கப் போட்ட நாடகமாக இருந்தால்? சாய்கிருஷ்ணாவுக்கு நேராகப் போன் பண்ணியிருந்தால்?

சாப்பிட உட்கார்ந்தால் இதுதான் ஓடுகிறது. சாம்பாருக்கு உப்புப் போட்டேனா என்று நினைவில்லை. இவர் தட்டில் உப்பைப் போட்டுக்கொண்டார்.

நவம்பர் 24

பாண்டித்துரை அண்ணனும் போய்விட்டார்.

எட்டாயிரத்துக்கு மூன்று வருடமாக அவர் மெஸ்ஸைத் தூக்கிப் பிடித்திருந்தேன். ஒருநாளைக்கு ஐம்பது தடவை அவரே தன் போனில் தன் மெஸ் பெயரைத் தேடுவார், முதலில் வந்தது என்று எனக்குப் படம் அனுப்புவார். உங்கள் போனுக்கு உங்களைத் தெரியும் அண்ணே, ஊர்க்காரன் போனில் தேடிப்பாருங்கள் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார். நல்ல மனுஷர் என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்று கல்லாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை. முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இந்த மாசத்தோட நிப்பாட்டிக்கிருவம் தங்கச்சி. வேற ஏற்பாடு ஆயிருச்சு."

"விக்கியா?"

"அதெல்லாம் எதுக்கு. நல்லாப் பண்ணிக் குடுத்தீங்க, கொறை ஒண்ணும் இல்ல."

குறையில்லை என்றால் ஏன்? பஜாரில் வெயிலில் நடந்து வரும்போது எல்லாக் கடைக்காரரும் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வது போலவே இருந்தது. ஏலக்காய்க் கடையில் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் தாண்டும்போது பேச்சு நின்றது. நின்றதா? இல்லை எனக்குத்தான் அப்படியா?

நவம்பர் 26, புதன்

கேட்டுவிட்டேன்.

கேட்டிருக்கக்கூடாது. கேட்டவிதமாவது வேறாக இருந்திருக்கவேண்டும். காலையில் வந்து பையை வைப்பதற்குள், தண்ணீர்கூடக் குடிப்பதற்குள் கேட்டேன்: "செல்வி, விக்கியை உனக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

"எந்த விக்கிக்கா? அந்த போர்டுக் கடக்காரனா? கார்டுலதான் பாத்தேன்."

"என் ரேட்டெல்லாம் அவனுக்கு எப்படிப் போறது?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. முகம் என்னவோ ஆயிற்று. கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. "என்னயா கேக்கியக்கா?" என்றாள். அவ்வளவுதான்.

நான் அடுக்கிக்கொண்டே போனேன். அன்றைக்கு வாசலில் நின்று என்ன ரேட் பேசினாய், என் போன் லாக் நம்பர் உனக்குத்தானே தெரியும், பதினாலு கூட என்று ஏன் சொன்னாய். பேசப் பேச எனக்கே எல்லாம் உறுதியாகிக்கொண்டு வந்தது.

அவள் தன் போனை எடுத்து, லாக் திறந்து, மேஜையில் என் முன்னால் வைத்தாள். "பாருங்க."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் அதைத்தான் எதிர்பார்த்திருப்பாள். யாராயிருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

நான் எடுத்துப் பார்த்தேன்.

ஐந்து நிமிஷமாவது பார்த்திருப்பேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். நவம்பர் பத்தாம் தேதி அவள் கணவருக்குப் போட்ட செய்தி: களமசேரி வீட்டு டைல்ஸ் வேலை, சதுர அடிக்கு இன்ன ரேட்டுக்கு முடித்துவிடுங்கள். விக்கி என்ற பெயரே இல்லை. இன்னும் கீழே போனேன். எதற்குப் போனேன்? அவள் தங்கைக்கு எழுதியிருந்தாள்: 'ஆபீஸ் அக்கா ரெண்டு வாரமா சரியில்ல. சரியா சாப்பிடவும் இல்ல. உடம்புக்கு என்னமோ, கேட்டா சொல்ல மாட்டுக்காவ. பாவமா இருக்கு.'

போனைக் கீழே வைத்தேன். அவள் வாங்கிப் பையில் போட்டாள். மேஜை டிராயரிலிருந்து கஸ்டமர் பாஸ்வேர்டு எழுதிய டைரியை எடுத்து என் மேஜையில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.



நவம்பர் 27

வரவில்லை. கடவுச்சொற்களை எல்லாம் மாற்றினேன். மாற்றிய பிறகு, எதற்கு மாற்றினேன் என்று கேட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 1

தேர்தல் மைக் வண்டி காலை ஏழு மணியிலிருந்து தெருவைச் சுற்றுகிறது. மாதக் கடைசி ரிப்போர்ட் ஒன்பது பேருக்குப் போகவேண்டும், நாலுதான் முடித்திருக்கிறேன். செல்வி எந்த ஃபைலை எங்கே வைப்பாள் என்று தெரியவில்லை. தேடினால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

ரோஸிலி சேச்சி கூப்பிட்டார். புதன்கிழமை வரச் சொன்னார். "ஒரு காரியம் சோதிக்கானுண்டு" என்றார். என்ன கேட்கப் போகிறார்? இவருமா?

டிசம்பர் 3, புதன்

தெரிந்துவிட்டது. எல்லாம் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம் போல இருக்கிறது.

சேச்சி சாயாவும் பழம்பொரியும் வைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை என் பக்கம் திருப்பிப் பிடித்தார். மட்டாஞ்சேரி, தோப்பும்படி, ஃபோர்ட் கொச்சிக் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப். இருநூறு பேருக்கு மேல். நான் அதில் கிடையாது. நான் கடைக்காரி இல்லையே.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள் சேச்சி அதில் கேட்டிருக்கிறார்: ஸாதனாவிடம் வேலை கொடுத்திருப்பவர்கள் மாதம் எவ்வளவு தருகிறீர்கள்?

கீழே வரிசையாகப் பதில்கள். மெஸ் எட்டாயிரம். இன்னொரு ஹோம்ஸ்டே பதினொன்று. தையல் கடை ஏழு. ஆயுர்வேதக் கடை பதினாறு. நடுவில் ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார். அதற்குக் கீழே விக்கி. பாண்டித்துரை அண்ணனின் அக்கா மகனாம், அவர்தான் குரூப்பில் சேர்த்துவிட்டாராம். 'அந்த மேடம் உங்களுக்கு என்ன சொன்னாலும் நான் ஐநூறு கொறச்சிப் பண்றேன்' என்று எழுதியிருந்தான்.

அதன்பிறகு நான் யாருக்கு விலை சொன்னாலும் அதைப் படம் எடுத்து நேராகக் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். ஏலக்காய்க் கடை. பழம்பொருள் கடை. டாக்டர். நவம்பர் பதினெட்டாம் தேதி சாய்கிருஷ்ணா என் வாட்ஸ்அப் செய்தியையே போட்டிருந்தார், என் பெயரோடு, என் போட்டோவோடு.

யாரும் திருடவில்லை. ஒளிக்கவும் இல்லை. ஊரே இரண்டு மாதமாக என் விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

சேச்சி குரலை உயர்த்தவே இல்லை. "மோளே, பாண்டித்துரைக்கு எட்டு. எனிக்கு பதினெட்டு. பணி ஒந்நு தன்னே அல்லே?" வேலை ஒன்றுதானே என்று கேட்கிறார். "தருவதில் எனக்குச் சங்கடமில்லை, எனக்கு மட்டும் ஏன் பதினெட்டு, அதை மட்டும் சொல்லு" என்றார்.

என்ன சொல்ல? உங்கள் தரையைப் பார்த்தேன் என்றா? உங்கள் மகன் அயர்லாந்தில் இருக்கிறான் என்றா?

என் கண் சுவரில் மாட்டியிருந்த மகனின் கல்யாணப் போட்டோவுக்குப் போயிருக்கவேண்டும். அவர் பார்த்துவிட்டார். "அவன் பைசா அயச்சிட்டு ரெண்டு கொல்லமாயி மோளே." இரண்டு வருடமாக மகன் ஒரு காசு அனுப்பவில்லை. மார்பிள் போட்ட கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சாயா ஆறிவிட்டது. குடித்துவிட்டுத்தான் வந்தேன். குடிக்காமல் எழுந்து வர வெட்கமாக இருந்தது.

டிசம்பர் 4

இவரிடம் சொன்னேன். சந்தேகப்பட்டதற்கு ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அதை விட்டுவிட்டு இதைக் கேட்டார்: "செல்வி போனை நீ நிஜமாவே வாங்கிப் பாத்தயா?"

ஆமாம் என்றேன்.

எழுந்து போய்ப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

டிசம்பர் 9

ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம். வரிசையில் எனக்கு முன்னால் ஏலக்காய்க் கடைக்காரர். "சுகமல்லே?" என்று கேட்டார். நன்றாகத்தான் சிரித்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் அந்தச் சிரிப்பை வீட்டுக்கு எடுத்து வந்து பிரித்துப் பார்த்திருப்பேன். இன்று எனக்கே தலை நிமிரவில்லை.

செல்விக்கு நாலு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

வைட்டிலாவுக்குப் போனேன். நான்கு வருடத்தில் முதல்தடவை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் இரண்டாவது சந்து. அவள் சொல்லித்தான் தெரியும். தினமும் எந்த வழியாக வருகிறாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

செல்லதுரை கதவைத் திறந்தார். கையெல்லாம் சிமெண்ட். "வாங்க" என்றுவிட்டு உள்ளே பார்த்து, "ஏய், ஒங்க மேடம்" என்றார். பிறகு வெளியே போய் நின்றுகொண்டார்.

செல்வி சேர் எடுத்துப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். குரூப்பைப் பற்றி, விக்கி யார் என்பதைப் பற்றி, தப்பு என்னுடையது என்று. சாய்கிருஷ்ணா விஷயத்தில் பொய் விலை சொல்லி அவளைச் சோதித்ததையும் சொன்னேன். அதை மறைத்துவைத்து மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை. "ரெண்டு மாசச் சம்பளம் தர்றேன். திரும்பி வா. கூடவே பங்கும் தர்றேன்."

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"சந்தேகப்பட்டது பெருசு இல்லக்கா. காசு போனா யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். போன நீட்டுனேம்லா. நீங்க வாங்க மாட்டியன்னுதான் நீட்டுனேன். வாங்கிட்டியளே."

நான் பையிலிருந்து சம்பளக் கவரை எடுத்தேன்.

"எம் புருசங்கூட எம் போன எடுத்துப் பாத்ததில்ல. அஞ்சு நிமிசம் நிண்ணேன் அங்ஙன. எனக்கு அந்த வீட்டுக்கு இனி வரமுடியாதுக்கா."

நவம்பருக்கான சம்பளத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள். இருபத்தாறு நாளைக்கு. மீதி நாலு நாளுக்கான பணத்தை எண்ணித் திருப்பித் தந்தாள். பஸ் ஏறும்வரை செல்லதுரை கூட வந்தார். மழை வரும்போல இருந்ததால் குடையை நீட்டினார், வேண்டாம் என்றேன்.

டிசம்பர் 18

மூன்று நாளாக உட்கார்ந்து ஒரே விலைச் சீட்டு போட்டேன். கஷ்டமான வேலை. ஒரு கடைக்கு மாதம் எத்தனை மணி நேரம் உண்மையில் செலவாகிறது என்று எழுதிப் பார்த்தேன். பதினோரு வருடத்தில் எழுதிப் பார்த்ததே இல்லை. மேப் வேலை மட்டும் என்றால் ஐயாயிரம். அதோடு வெப்சைட்டும் என்றால் ஒன்பது. மாதாமாதம் புதுப் பக்கம் எழுதவேண்டும் என்றால் பதின்மூன்று. யாராக இருந்தாலும் இதுதான்.

ரோஸிலி சேச்சிக்கு எடுத்துப் போனேன். அவருக்கு ஒன்பதுதான் வரும். பதினெட்டு மாதமாகக் கூடுதலாக வாங்கியதற்கு ஒரு வருடம் இலவசமாகச் செய்கிறேன் என்றேன். சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "நன்னாயி" என்றார். ஆனால் வேலையைத் தொடரச் சொல்லவில்லை. மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

அவருக்கு மகள் இல்லை.

டிசம்பர் 20

சேச்சி அந்தச் சீட்டைக் குரூப்பில் போட்டிருக்கிறாராம். டாக்டர் வைத்தீஸ்வரன் சொன்னார். "எல்லாருக்கும் ஒரே ரேட்டுன்னா நம்பலாம் போலிருக்கே" என்று சிரித்தார். ஒன்பதாயிரத்துக்கு ஒத்துக்கொண்டார்.

2026 ஜனவரி 5, திங்கள்

தையல் கடை போய்விட்டது, ஏழிலிருந்து ஒன்பதுக்கு ஏறமுடியாதாம். ஆயுர்வேதக் கடைக்காரர் பதினாறிலிருந்து பதின்மூன்றுக்கு இறங்கியும் முறைத்துக்கொண்டு நிற்கிறார், இவ்வளவு நாள் ஏன் என்று. நியாயம்தான். மாத வருமானம் முன்பு வந்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல். இவர் ஓவர்டைம் பார்க்கிறேன் என்றார்.

ஜனவரி 21

பாண்டித்துரை அண்ணன் வீட்டுக்கே வந்தார். விக்கி இரண்டு மாதம் முடிவதற்குள் கையை விரித்துவிட்டானாம், கேரண்டி சொன்ன முதல் பக்கத்தில் மெஸ்ஸைக் காணோம். மருமகன் முறை ஆகையால் திட்டவும் முடியவில்லை. "ஐயாயிரம் சீட்டுல என்னையச் சேத்துக்கங்க தங்கச்சி."

சேர்த்துக்கொண்டேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் போனபின், குரூப்பில் விலை ஓடிக்கொண்டிருந்த இரண்டு மாதமும் அண்ணன் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. நான் யாரையும் கேட்கவில்லை. ஜன்னலோரம் நின்று கேட்டதோடு சரி.

பிப்ரவரி 17, செவ்வாய்

வைப்பினில் படகு வைத்திருக்கும் சுப்புராஜ் என்று புது ஆள். திருப்பூர், தேனி, கரூரிலிருந்து வரும் கூட்டம்தான் அவருக்கு எல்லாம். தமிழில் ஆறு பக்கம் வேண்டும். இரண்டு நாள் நானே முயன்றேன். என் தமிழ் நோட்டுக்கு ஆகும், தேனியிலிருந்து போனில் தட்டித் தேடுகிறவருக்கு ஆகாது.

செல்வி தனியாகத் தொழில் தொடங்கிவிட்டாள் என்று டாக்டர் சொல்லித் தெரியும். அவர்தான் நம்பரும் தந்தார், புது நம்பர். இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு அழைத்தேன்.

எடுத்தாள். நான் என்று தெரிந்ததும் "சொல்லுங்க மேடம்" என்றாள்.

வேலையைச் சொன்னேன். நன்றாகக் கேட்டுக்கொண்டாள். படகில் எத்தனை பேர் ஏறலாம், சாப்பாடு உண்டா, எந்த ஊர்க்காரர்கள் அதிகம் என்று அவளுக்குத் தோன்றிய கேள்விகளில் பாதி எனக்குத் தோன்றவில்லை.

"பக்கத்துக்கு ஆயிரத்து எரநூறு மேடம். ஆறு பக்கம். பாதி அட்வான்ஸா போட்டுருங்க, வெள்ளிக்கெழம முடிச்சித் தாரேன்."

சரி என்றேன். குறைத்துக் கேட்கவில்லை. ஏதாவது பேச்சு நீளட்டும் என்றுதான் கேட்டேன்: "எல்லாருக்கும் அட்வான்ஸ் உண்டா செல்வி?"

"இல்ல மேடம். உங்களுக்கு மட்டுந்தான்."

மூவாயிரத்து அறுநூறு. போனை வைத்ததும் அனுப்பினேன். வந்துவிட்டது என்று ஒரு வரி பதில் போட்டாள்.